மரபணு மாற்றம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடம் எடுப்பவன் என்று தெரிந்தால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் சிலர் அதை மரபணு மாற்றப் பயிரில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர், கைபேசியில் வந்த காணொளியைக் காட்டிக் கவலையோடு கேட்கும் உறவினர் என ஆள்தான் மாறுவார்கள், கேள்வி மாறாது. பல வருடமாக ஒரு நோட்டில் குறித்து வைத்தவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகள் இருக்கின்றன. என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன்.

1. மரபணு மாற்றம்னு சொல்றாங்களே, அப்படின்னா சரியா என்னதான் பண்றாங்க?

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான இழை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அந்த இழையின் ஒரு துண்டில் இருக்கும். அந்தத் துண்டுதான் மரபணு. இன்னோர் உயிரிலிருந்து அப்படி ஒரு துண்டை எடுத்தோ, ஆய்வகத்தில் தயாரித்தோ, நமக்கு வேண்டிய உயிரின் டி.என்.ஏ.வுக்குள் சேர்ப்பதை மரபணு மாற்றம் என்கிறோம். 1973-இல் ஸ்டான்லி கோகனும் ஹெர்பர்ட் பாயரும் பாக்டீரியாவில் இதைச் செய்து காட்டினார்கள். செடிகளில் 1983-இல் கைகூடியது.

செடிக்குள் மரபணு எப்படிப் போகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். அக்ரோபாக்டீரியம் என்று மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. செடியில் காயம் பட்ட இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு, தன் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திவிடும். அந்த இடத்தில் கழலை மாதிரி ஒரு முண்டு வளரும். மனிதக் கை படாமல் மண்ணில் காலங்காலமாக நடந்துவரும் வேலை இது. முண்டு வளர்க்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்களுக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புவதுதான் விஞ்ஞானிகள் கண்ட வழி. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குள் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் இயற்கையாகவே இருப்பதை 2015-இல் கண்டுபிடித்து எழுதினார்கள்.

2. நாமளும் காலங்காலமா ரகங்களைக் கலந்துதானே வர்றோம்? அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

ஒன்று என்று சொன்னால் பாதி உண்மை. இரண்டு ரகங்களைக் கலக்கும்போது பல்லாயிரம் மரபணுக்கள் ஒரே வீச்சில் கலக்கின்றன. எது எங்கே போய் உட்கார்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, விளைச்சலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு முறையில் விதைகளைக் கதிர்வீச்சில் வைத்து, டி.என்.ஏ. கண்டபடி மாறிய பிறகு, அதில் நல்லதாக வந்ததைப் பொறுக்குவார்கள். இப்படிப் பிறந்த 3,000-க்கும் மேற்பட்ட ரகங்கள் சர்வதேச அணுசக்தி முகமையின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை எதிர்த்துப் பெரிய போராட்டம் எதுவும் நடந்ததில்லை.

வேறுபடும் பாதி என்னவென்றால், மரபணு மாற்றத்தில் சேர்வது ஒன்றிரண்டு மரபணுதான். அது எது, என்ன செய்யும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஆனால் அது உறவே இல்லாத உயிரிலிருந்தும் வரலாம். பாக்டீரியாவின் புரதம் ஒன்று தானியத்துக்குள் முதன்முறையாக வருகிறது என்றால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அந்தச் சோதனை நடக்கவும் நடக்கிறது.

3. விதையில்லாத தர்பூசணி, குண்டு குண்டான தக்காளி எல்லாம் மரபணு மாத்தினதுதானே?

இல்லை. விதையில்லாத தர்பூசணி, குரோமோசோம் (சுருட்டி வைத்த டி.என்.ஏ.) தொகுதி இரட்டிப்பான செடியையும் சாதாரணச் செடியையும் கலந்து பெறுவது. பிள்ளைச் செடிக்கு மூன்று தொகுதி வந்துவிடுவதால் விதை பிடிக்காது. பெரிய தக்காளி, தேர்ந்தெடுத்து வளர்த்த கலப்பின ரகம். உலகில் பெரும்பரப்பில் விளையும் மரபணு மாற்றப் பயிர்கள் நான்குதான்: சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற கடுகு இன எண்ணெய்வித்து. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு, பப்பாளி, கத்தரி, சில ஆப்பிள், உருளை ரகங்கள் சிறிய அளவில் உண்டு.

4. மீனோட மரபணுவைத் தக்காளியில போட்டுட்டாங்களாமே? அப்போ அது சைவமா அசைவமா?

குளிர்கடல் மீன் ஒன்றின் உறைவுத் தடுப்பு மரபணுவைத் தக்காளியில் வைத்துப் பார்த்தது உண்மை. 1990-களின் தொடக்கத்தில் நடந்த அந்தச் சோதனை பலன் தராமல் அதோடு நின்றுவிட்டது. அந்தத் தக்காளி எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஃபிளேவர் சேவர்' வேறு தக்காளி. அதில் மீனுக்கு இடமே இல்லை. பழத்தை இளக்கும் தக்காளியின் சொந்த மரபணு ஒன்றை அடக்கிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சைவமா என்பது அவரவர் நம்பிக்கை சார்ந்தது, அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படிக் கேட்பவர்களுக்கு உண்மையான விவரம் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. லேபிள் பற்றிய 17-ஆம் கேள்வியில் அதைத் தொடர்கிறேன்.

5. அந்த மரபணு சாப்பாட்டோட என் உடம்புக்குள்ள போய் ஒட்டிக்காதா?

வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சோதனை செய்வேன். கனிந்த வாழைப்பழத்தை உப்புத் தண்ணீரில் பிசைந்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டுவோம். அந்தச் சாற்றின் மேல் குளிரவைத்த ஆல்கஹாலை ஓரமாக மெல்ல ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக, சளி போல, நூல் நூலாக ஒன்று எழும்பும். குச்சியில் சுற்றி எடுக்கலாம். வாழைப்பழத்தின் டி.என்.ஏ. அது. "சார், இதையா இத்தனை நாள் சாப்பிட்டோம்?" என்று ஒரு மாணவி முகம் சுளித்தாள். ஆமாம், பிறந்ததிலிருந்து வேளாவேளைக்கு அதைத்தான் சாப்பிடுகிறோம்.

உணவில் வரும் டி.என்.ஏ.வை நம் குடல் நொதிகள் நறுக்கி எளிய மூலப்பொருளாக்கிவிடும். வாழையின் மரபணுவும் கோழியின் மரபணுவும் நம்மில் ஒட்டிக்கொள்ளாதபோது, புதிதாகச் சேர்த்த மரபணு மட்டும் ஒட்டிக்கொள்ளக் காரணம் இல்லை. டி.என்.ஏ. நான்கு வேதிப்பொருள் 'எழுத்துகளால்' ஆனது; அந்த நூலிலும் இந்த நூலிலும் உள்ளவை அதே நான்கு எழுத்துகள்தான்.

6. இலையைத் தின்ன புழு சாகுது. அதையே தின்ன மனுஷனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா?

நல்ல கேள்வி. என்னிடம் கேட்டதிலேயே நியாயமானது இதுதான் என்பேன். கேட்பது பி.டி. பயிர்களைப் பற்றி. பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அதன் புரதத்தைச் செய்யும் மரபணு செடிக்குள் வைக்கப்படுகிறது. புழு இலையைக் கடிக்கிறது. புழுவின் நடுக்குடல் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் புரதம் கரைந்து, குடல் நொதிகளால் வெட்டுப்பட்டு, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் ஏற்பியில், பூட்டில் சாவி போல, போய்ப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் ஓட்டை விழுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், ஓரிரு நாளில் சாகும்.

நம் இரைப்பை அமிலத்தன்மை கொண்டது, அங்கே இந்தப் புரதம் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப்போகும். நம் குடல் சுவரில் அந்தப் பூட்டும் கிடையாது. எல்லாப் பூச்சிக்குமே கிடையாது. ஒரு வகை பி.டி. புரதம் அந்துப்பூச்சிகளின் புழுக்களை மட்டும் தாக்கும், இன்னொரு வகை வண்டினத்தை மட்டும். இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகள் பல பத்தாண்டுகளாகச் செடிமேல் தெளித்து வருகிறார்கள். மரபணு மாற்றத்தை ஏற்காத அவர்களுடைய விதிகளே இந்தத் தெளிப்பை அனுமதிக்கின்றன.

7. எலிக்குக் கட்டி கட்டியா வந்த படத்தை நானே பார்த்தேன். அது பொய்யா?

படம் பொய்யில்லை. 2012-இல் பிரான்ஸின் செராலினி குழு வெளியிட்ட ஆய்வு அது. 200 எலிகளை 20 குழுவாகப் பிரித்து, குழுவுக்குப் பத்து என வைத்து, சில குழுக்களுக்கு மரபணு மாற்றிய மக்காச்சோளமும் சிலவற்றுக்குச் சாதாரண மக்காச்சோளமுமாக இரண்டு ஆண்டு தீனி கொடுத்தார்கள். சிக்கல் எங்கே என்றால், ஸ்ப்ரேக்-டாலி என்ற அந்த எலி இனத்துக்கு, என்ன தீனி போட்டாலும் இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் கட்டி வந்துவிடும். சாதாரண மக்காச்சோளம் தின்ற எலிகளுக்கும் வந்தது. பத்துப் பத்து எலியை வைத்துக்கொண்டு, வந்தது தீனியாலா வயதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வெளியிட்ட ஆய்விதழ் 2013-இல் அதைத் திரும்பப் பெற்றது. மோசடி இல்லை, ஆனால் முடிவுக்கு வர ஆதாரம் போதாது என்பதே அது சொன்ன காரணம். அடுத்த ஆண்டு வேறோர் இதழ் அதை மறுபடி வெளியிட்டது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில், அதே ரக மக்காச்சோளத்தை வைத்து, கூடுதல் எலிகளோடு இரண்டு ஆண்டு ஆய்வு நடந்தது. அதில் கேடு எதுவும் தெரியவில்லை. இந்தச் செய்தி படம் இல்லாமல் வந்ததால் யார் கைபேசிக்கும் போகவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

8. அலர்ஜி வந்தா?

வரக்கூடும். அதனால்தான் சோதிக்கிறார்கள். கால்நடைத் தீவனச் சோயாவில் சத்தைக் கூட்ட, பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை ஒரு விதை நிறுவனம் சேர்த்தது. அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களின் ரத்தத்தோடு அந்தச் சோயாவைச் சோதித்தபோது ரத்தம் எதிர்வினை காட்டியது. ஆய்வு 1996-இல் வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கே வராமல் கைவிடப்பட்டது.

2000-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தில் இருந்த புரதம் மெதுவாகச் செரிக்கக்கூடியது, அதனால் ஒவ்வாமை தரலாம் என்ற ஐயத்தில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். அது மனிதர் தின்னும் பண்டங்களில் கலந்து கிடந்தது. திரும்பப் பெற்றார்கள். ஒவ்வாமை வந்ததாகப் புகார் சொன்னவர்களைச் சோதித்ததில் அந்தப் புரதத்தோடு தொடர்பு தெரியவில்லை. இருந்தாலும் தீவனத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று காகிதத்தில் போட்ட கோடு களஞ்சியத்தில் நிற்காது என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது.

9. இதெல்லாம் கம்பெனி காசு வாங்கிட்டு விஞ்ஞானிங்க சொல்றதுதானே?

கம்பெனிகள் தங்கள் விதையைத் தாங்களே சோதித்து அனுமதி கேட்பது உண்மைதான். சந்தேகப்படுவதில் தவறில்லை. 2009-இல் அமெரிக்காவில் மக்காச்சோளப் பூச்சி ஆய்வாளர்கள் 26 பேர், விதை ஒப்பந்தங்கள் தங்களைச் சுதந்திரமாக ஆராய விடுவதில்லை என்று அரசிடமே எழுதிக் கொடுத்தார்கள். விதையைச் சோதிக்க, விற்பவரின் சம்மதம் தேவைப்படக் கூடாது என்பதே என் கருத்தும்.

ஆனால் கம்பெனிப் பணம் இல்லாத ஆய்வும் நிறைய நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2010-இல் தன் பணத்தில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது: 25 ஆண்டு, 130-க்கும் மேற்பட்ட திட்டங்கள், 500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள். மரபணு மாற்றம் என்பதாலேயே கூடுதல் ஆபத்து இல்லை என்று முடிவு வந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2016-இல் சுமார் 900 ஆய்வுகளைப் படித்துவிட்டு உணவுப் பாதுகாப்பில் அதே முடிவுக்கு வந்தது. அதே அறிக்கை, இந்தப் பயிர்களை விற்பவர்கள் பெருமையடித்துக்கொண்ட வேறொன்றை ஏற்கவில்லை. 12-ஆம் கேள்வியில் அது வருகிறது.

10. சரி, இதனால யாருக்கு என்ன லாபம்னு ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க.

இன்சுலின். முன்பெல்லாம் இறைச்சிக் கூடங்களிலிருந்து பன்றி, மாட்டுக் கணையங்களை டன் கணக்கில் சேகரித்து, அரைத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பார்கள். சிலருக்கு ஒவ்வாமை வந்தது. மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவில் வைத்து வளர்த்த மருந்து 1982-இல் அனுமதி பெற்றது. இன்று உலகில் போடப்படும் இன்சுலின் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றிய பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்து கொடுப்பதுதான். பாலாடைக்கட்டி செய்யும்போது பாலைத் திரிக்கும் நொதியும் அப்படித்தான். முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள், 1990-க்குப் பிறகு பெரும்பாலும் நுண்ணுயிரிகளிலிருந்து வருகிறது.

மரபணு மாற்றத்தை முழுசாக ஒழிக்க வேண்டும் என்று என்னோடு கோபமாக வாதாடிய ஒரு பெரியவர், பேச்சின் நடுவில் நேரம் பார்த்துப் பையிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்தார். அது எப்படித் தயாராகிறது என்று சொன்னேன். கையில் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைச் சங்கடப்படுத்தியதற்காக எனக்கே கஷ்டமாகிவிட்டது. அன்றிலிருந்து, 'மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா' என்று கேட்பவரிடம் 'எந்த மரபணு, எந்த உயிரில், எதற்காக' என்று திருப்பிக் கேட்கிறேன்.

11. மருந்து சரி. பயிர்ல கம்பெனிக்குத் தவிர வேற யாருக்காவது நல்லது நடந்திருக்கா?

ஹவாயில் பப்பாளி. பூனா என்ற பகுதிதான் அங்கே பப்பாளிக் களஞ்சியம். 1992-இல் வளையப் புள்ளி வைரஸ் அங்கே வந்து சேர்ந்தது. அசுவினி பரப்பும் நோய். இலை சுருங்கி வெளுக்கும், காயின் மேல் வளையம் வளையமாகத் தழும்பு விழும், மரம் காய்ப்பதை நிறுத்தும். மருந்து கிடையாது, மரத்தை வெட்டிப் போடுவதைத் தவிர வழியில்லை. சில ஆண்டுகளில் தோப்பு தோப்பாக அழிந்தது.

ஹவாயிலேயே பிறந்து வளர்ந்த டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற தாவர நோயியலாளரும் அவருடைய பல்கலைக்கழகக் கூட்டாளிகளும், வைரஸின் மேலுறைப் புரத மரபணுவில் ஒரு துண்டைப் பப்பாளிக்குள் வைத்தார்கள். கிட்டத்தட்டத் தடுப்பூசி போட்ட மாதிரி, வைரஸ் வந்தால் செடி அடையாளம் கண்டு அடக்கிவிடுகிறது. 1998-இல் 'ரெயின்போ' விதையை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், பூனா தோப்புகள் மீண்டன. நோய் தாக்கிய பழைய பப்பாளியைத் தின்றவர்கள் அந்த வைரஸ் புரதத்தை இதைவிட எத்தனையோ மடங்கு தின்றிருப்பார்கள்.

பங்களாதேஷில் அரசு ஆய்வு நிறுவனம் கொடுத்த பி.டி. கத்தரியும் இந்த வரிசையில் வரும். காய்த் துளைப்பான் புழுவுக்காக ஒரு பருவத்தில் பல முறை மருந்தடிக்கும் பயிர் அது. 2014-இல் 20 விவசாயிகளோடு தொடங்கி, ஆயிரக்கணக்கானோரிடம் பரவியது. விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம்.

12. மகசூல் கூடும்னு சொன்னாங்களே, கூடிச்சா?

இன்றுள்ள பி.டி. ரகம் செடியைக் கூடுதலாகக் காய்க்க வைப்பதில்லை. காய்த்ததைப் புழுவிடமிருந்து காப்பாற்றுகிறது. ஆகவே புழு அதிகமாகவும் மருந்து வசதி குறைவாகவும் உள்ள இடத்தில் லாபம் பெரிது. ஏற்கெனவே புழுவை அடக்கி வைத்திருந்த இடத்தில் சிறிது. 147 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, சராசரியாக மகசூல் 22 சதவீதம் கூடியதாகவும், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பயன்பாடு 37 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னது. வளரும் நாடுகளில்தான் பலன் அதிகம்.

மறுபக்கம், 9-ஆம் கேள்வியில் சொன்ன 2016 அறிக்கை அமெரிக்காவின் நாடு தழுவிய விளைச்சல் கணக்கை எடுத்துப் பார்த்தது. மரபணு மாற்றம் வந்த பிறகு விளைச்சல் ஏறும் வேகம் கூடியதற்கு அதில் அடையாளம் இல்லை. உலகப் பசியை இதுவே போக்கிவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

13. மருந்தடிக்கிறது குறையும்னாங்க. ஆனா களைக்கொல்லி ஆறா ஓடுதே?

இரண்டு வகைப் பயிரை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டை இது. பி.டி. வகையில் பூச்சிக்கொல்லி குறைந்தது. களைக்கொல்லி தாங்கும் வகை வேறு. கிளைபோசேட் அடித்தால் களை எல்லாம் சாகும், பயிர் மட்டும் தப்பும். உழவு குறைந்தது, மண் அரிப்பு குறைந்தது, வேலை சுலபமானது. சுலபமானதால் எல்லாரும் ஒரே மருந்தை வருடா வருடம் அடித்தார்கள். தப்பிப் பிழைத்த களைகள் விதை போட்டன. பால்மர் அமராந்த் என்ற காட்டுக் கீரை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கிளைபோசேட்டுக்கு அசையாமல் அமெரிக்கப் பருத்தி வயல்களை மூடியது. அதைக் கொல்ல, டைகாம்பா என்ற வேறொரு களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்தது. டைகாம்பா காற்றில் பரவிப் பக்கத்து வயல்களைக் கருக்கியது.

கிளைபோசேட்டே புற்றுநோய் தருமா என்பது தனி வழக்கு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் 'அநேகமாகத் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்கு அமைப்புகள், வழக்கமான பயன்பாட்டு அளவில் அப்படி இல்லை என்றன. எப்படியானாலும், ஒரே ரசாயனத்தைச் சார்ந்து பயிரை வடிவமைத்தது தவறான பாதை என்பது என் எண்ணம்.

14. பி.டி. பருத்தியில புழுவே வராதுன்னாங்க. இப்ப காயைப் பிளந்தா உள்ள உட்கார்ந்திருக்கே?

ஆமாம். வெளியே பார்க்கப் பச்சையாக, முழுசாக இருக்கும் காய். நகத்தால் பிளந்தால் பஞ்சு பழுப்பேறி, விதை குடையப்பட்டு, உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு சிறு புழு நெளியும். இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவைத் தாங்கிக்கொண்டது 2010-இல் உறுதியானது. அடுத்து வந்த இரட்டை மரபணு ரகத்தையும் சில ஆண்டுகளில் தாண்டிவிட்டது.

அதே புழுவை, அதே தொழில்நுட்பத்தை வைத்து அமெரிக்கா ஒழித்தேவிட்டது. 2018-இல் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். வித்தியாசம் மரபணுவில் இல்லை. அரிசோனா விவசாயிகள் பி.டி. பருத்தியோடு பி.டி. இல்லாத பருத்தியையும் ஒரு பகுதியில் விதைத்தார்கள். அங்கே வளர்ந்த சாதாரணப் புழுக்கள், தப்பித்த முரட்டுப் புழுக்களோடு கலந்ததால் எதிர்ப்புத்திறன் நீர்த்துப்போனது. பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு முடித்தார்கள். இந்தியாவில் அந்தப் புகலிடப் பயிரை விதைத்தவர்கள் குறைவு. சிறு நிலத்தில் புழுவுக்கென்று ஒரு வரிசையை விட்டுக்கொடு என்று சொல்வது எளிது, கடன் வாங்கி விதைத்தவருக்கு அது எளிதல்ல. மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கும் நீண்ட காலக் கலப்பின ரகங்கள் புழுவுக்கு இன்னும் வாய்ப்பளித்தன. விதை விற்றவர்களும் ஒழுங்குபடுத்த வேண்டியவர்களும் இதை முன்பே தெரிந்திருந்தும் விட்டுவிட்டதைத்தான் நான் குற்றமாகப் பார்க்கிறேன்.

15. மகரந்தம் பறந்து பக்கத்து வயலுக்குப் போனா? பட்டாம்பூச்சி செத்துப்போகுதாமே?

1999-இல் ஓர் ஆய்வகத்தில், பி.டி. மக்காச்சோள மகரந்தம் தூவிய எருக்கம் இன இலையைத் தின்ற, மோனார்க் என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் செத்தன. செய்தி உலகம் முழுக்கப் போனது. 2001-இல் வயலிலேயே அளந்து பார்த்தபோது, இலையில் படியும் மகரந்தம் அந்த அளவுக்கு வராது என்று தெரிந்தது. மகரந்தத்தில் நஞ்சு கூடுதலாக இருந்த ஒரு ரகம் சந்தையிலிருந்து போய்விட்டது. மோனார்க்குக்குப் பெரிய அடி வேறு பக்கமிருந்து வந்தது: 13-இல் சொன்ன களைக்கொல்லி, வயலில் முளைக்கும் அந்த எருக்கம் இனச் செடியையே துடைத்தெடுத்தது.

மகரந்தமும் விதையும் கலப்பது உண்மையான பிரச்சினை, குறிப்பாகப் பணம் சார்ந்து. 2006-இல் அமெரிக்க நெல்லில், விற்பனைக்கு அனுமதி பெறாத லிபர்ட்டி லிங்க் நெல் கலந்திருப்பது தெரிந்தது. உடல்நலக் கேடு இல்லை, ஆனால் ஐரோப்பா வாங்க மறுத்தது. எந்தத் தவறும் செய்யாத நெல் விவசாயிகளுக்கு விலை சரிந்தது. வழக்கு நடந்து 2011-இல் 75 கோடி டாலர் வரை கொடுக்க அந்த நெல்லுக்கு உரிமையுள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது. கலப்புக்கு யார் பொறுப்பு என்று சட்டத்தில் முன்பே எழுதியிருந்தால் ஐந்து ஆண்டு இழுத்திருக்காது.

16. விதை முளைக்காதாமே? வருஷா வருஷம் அவங்ககிட்டயே வாங்கணுமாமே?

மலட்டு விதை, அதாவது 'டெர்மினேட்டர்' என்று பேர் வாங்கியது, 1998-இல் காப்புரிமை பெற்ற ஒரு யோசனை. எதிர்ப்பு கிளம்பியது, விற்பனைக்கு வரவே இல்லை. இன்று யார் வயலிலும் அது கிடையாது. வருடா வருடம் விதை வாங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கலப்பின ரகமாக இருந்தால், மரபணு மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேமித்த விதை முதல் வருடம் போல விளையாது. இரண்டாவது காப்புரிமை. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காப்புரிமை பெற்ற சோயாவை விதைத்து அதன் விதையை மறுபடி விதைப்பது நகல் எடுப்பதற்குச் சமம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

காற்றில் வந்து விழுந்த விதைக்காக வழக்குப் போட்டார்கள் என்று சொல்லப்படும் கனடா கனோலா விவசாயியின் கதையும் இதோடு வரும். விதை எப்படியோ அவர் நிலத்துக்கு வந்தது. அவர் களைக்கொல்லி அடித்து, பிழைத்த செடிகளின் விதையைத் தனியாக எடுத்து, அடுத்த ஆண்டு பெரும்பரப்பில் விதைத்தார். 2004-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, ஆனால் நிறுவனத்துக்கு அவர் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. உயிருக்குக் காப்புரிமையா என்று கேட்பவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ரெயின்போ பப்பாளியும் பங்களாதேஷ் கத்தரியும் வேறு ஏற்பாடு சாத்தியம் என்று காட்டிவிட்டன.

17. பாதுகாப்பானதுன்னா லேபிள் போட ஏன் பயப்படணும்?

பயப்படக் கூடாது. போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மூலப்பொருளில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2022 முதல் கட்டாயம். லேபிளைப் பார்த்து மக்கள் மிரள்வார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. 1996-இல் பிரிட்டன் கடைகளில் மரபணு மாற்றிய தக்காளிக் கூழ் டப்பாவின் மேலேயே அப்படி எழுதி விற்றார்கள். விலையும் குறைவு. நன்றாகவே விற்றது. அதே ஆண்டுகளில், சொல்லாமல் கொள்ளாமல் கலந்து வந்த சோயாவின் மேல்தான் கோபம் பொங்கியது, அந்தக் கோபத்தில் தக்காளிக் கூழும் போய்விட்டது.

18. ஐரோப்பாவே தடை பண்ணிடுச்சே?

முழுத் தடை இல்லை. ஒரு பி.டி. மக்காச்சோள ரகம் பல ஆண்டுகளாக ஸ்பெயினில் விளைகிறது. 2015 முதல் சாகுபடி வேண்டாம் என்று ஒவ்வொரு நாடும் தனியாக முடிவு செய்யலாம், பெரும்பாலானவை அப்படித்தான் செய்தன. அதே நாடுகள் தங்கள் கால்நடைகளுக்கு மரபணு மாற்றிய சோயாவைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கின்றன.

19. தங்க அரிசின்னு ஒண்ணு குழந்தைகளோட கண்ணைக் காப்பாத்தும்னாங்களே, என்னாச்சு?

இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் குழந்தைகள் பார்வை இழக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த மதிப்பீடு. இங்கோ பொட்ரைகஸ், பீட்டர் பேயர் என்ற விஞ்ஞானிகள், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அரிசி மணிக்குள் உருவாகச் செய்து 2000-இல் வெளியிட்டார்கள். மணி மஞ்சளாக இருக்கும்.

எதிர்ப்பாளர்கள் மட்டுமே தடுத்தார்கள் என்று சொல்வது சரியல்ல. முதல் ரகத்தில் சத்து மிகக் குறைவு. 2005-இல் மக்காச்சோள மரபணுவை வைத்த பிறகுதான் போதிய அளவு வந்தது. பிறகு வயலில் விளைச்சல் குறைந்த ரகம் ஒன்றைக் கைவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டியிருந்தது. 2013-இல் பிலிப்பைன்ஸில் சோதனை வயலைப் பிடுங்கி எறிந்தார்கள். 2016-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நோபல் பரிசாளர்கள் எதிர்ப்பை விடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். 2021-இல் பிலிப்பைன்ஸ் சாகுபடிக்கு அனுமதித்தது, 2024-இல் அந்த நாட்டு நீதிமன்றம் ஒன்று அனுமதியை ரத்து செய்தது. காய்கறியும் பழமும் முட்டையும் கொடுத்தால் போதுமே என்பவர்களுக்கு: போதும்தான், கொடுக்க முடிந்தால். அது வந்து சேரும்வரை பானையில் உள்ள சோறாவது உதவட்டுமே என்பதுதான் இதைச் செய்தவர்களின் வாதம். இந்த வாதத்தில் நான் முழுமனதாக அவர்கள் பக்கம்.

20. கிரிஸ்பர்னு இப்போ சொல்றது இதுதானா வேறயா?

வேறு. மரபணு மாற்றத்தில் வெளியிலிருந்து ஒன்று சேர்க்கப்படுகிறது. கிரிஸ்பர் முறையில் பெரும்பாலும் செடியின் சொந்த மரபணுவிலேயே ஓரிரு எழுத்தை வெட்டித் திருத்துகிறார்கள். கண்டுபிடித்த எம்மானுவேல் ஷார்ப்பன்டியேவுக்கும் ஜெனிபர் டவுட்னாவுக்கும் 2020-இல் நோபல் கிடைத்தது. ஜப்பானில் 2021 முதல் இப்படித் திருத்திய தக்காளி விற்கிறது. சட்டம்தான் திண்டாடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் இதையும் மரபணு மாற்றத்தின் கீழ் வைத்தது. கதிர்வீச்சில் கண்டபடி மாறியதற்கு விலக்கு, குறிபார்த்து ஓரெழுத்தைத் திருத்தியதற்குக் கட்டுப்பாடு என்பது எனக்குப் புரியவில்லை. 2-ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

21. இப்போ ஒண்ணும் ஆகலை, சரி. 50 வருஷம் கழிச்சு ஏதாவது வந்தா யார் பொறுப்பு?

எந்தப் புது உணவுக்கும் 'ஒருபோதும் எதுவும் வராது' என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த நிச்சயமின்மை மரபணு மாற்றத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1967-இல் அமெரிக்காவில் லெனாப்பே என்று ஓர் உருளைக்கிழங்கு ரகம் வெளியிட்டார்கள். ஆய்வகத் தலையீடு எதுவும் இல்லை, காட்டு இனத்தோடு கலந்து வழக்கமான முறையில் உருவாக்கியது. வறுத்தால் சிப்ஸ் பொன்னிறமாக, மொறுமொறுப்பாக வந்தது. பிறகு அளந்து பார்த்தபோது சொலானின் என்ற இயற்கை நஞ்சு அதில் அளவுக்கு மேல் இருந்தது. 1970-இல் திரும்பப் பெற்றார்கள்.

வெளியிடும் முன் அதை அளக்கச் சொல்லி அன்று எந்த விதியும் இல்லை. ரகம் எந்த முறையில் பிறந்தாலும் அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும், விற்பனைக்கு வந்த பிறகும் பொதுப் பணத்தில் கண்காணிக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். பொறுப்பு யாருக்கு என்பதையும் 15-இல் சொன்ன நெல் வழக்கைப் போல பிறகு தேடாமல், அனுமதிக் கடிதத்திலேயே எழுத வேண்டும். லெனாப்பேயின் வழியில் வந்த ரகங்கள், சொலானின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்றும் சிப்ஸ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.